இரும்புக்குள் இருந்த மனுஷர்கள்: அண்ணாச்சியிடம் கேளுங்கள்

பழைய டி.வி. தொடர்களில் வந்த ரோபோக்களைப் பற்றிப் போன இதழில் ஒரு கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொட்டுக் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆசிரியரிடம் கேட்டு, இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். பாளையங்கோட்டையில் டி.வி. ரிப்பேர் கடை நடத்தியவனுக்கு இதைவிடப் பிடித்த விஷயம் வேறு என்ன இருக்கப்போகிறது?

*

அண்ணாச்சி, “காமிலியன் மாதிரி பாவப்பட்ட ரோபோ வேறு கிடையாது” என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். யார் அந்தக் காமிலியன்? அதற்கு என்னதான் ஆச்சு?
— வாசகி, அம்பாசமுத்திரம்

பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் 1983 மார்ச்சில் வந்த ரோபோ அது, தங்கச்சி. விண்கலத்தில் காலம் விட்டுக் காலம் பயணம் செய்யும் ‘டாக்டர்’ என்பவரின் கதை அந்தத் தொடர். லண்டனில் இருக்கும் என் மருமகன் அனுப்பிய டி.வி.டி.யில்தான் நான் பார்த்தேன். கதைப்படி அது யார் உருவத்தை வேண்டுமானாலும் எடுக்கும். முதல் கதையில் 1215-ஆம் வருஷத்து இங்கிலாந்து ராஜா ஜானாகவே வந்து உட்கார்ந்திருக்கும். ஆனால் அதற்கென்று சொந்தமாக ஒரு மனசு கிடையாது. பக்கத்தில் இருப்பவர்களில் யாருடைய மனவலிமை பெரிதோ அவர் சொல்படிதான் ஆடும். நல்லவர் கையில் நல்லது, கெட்டவர் கையில் கெட்டது.

இதில் பெரிய விசேஷம், அது நிஜமான இயந்திரம். உள்ளே ஆள் இல்லை. கம்ப்யூட்டர் கட்டளைப்படி தலை திரும்பும், கை அசையும், முன்பே பதிவு செய்த குரலுக்கு ஏற்றபடி வாய் திறந்து மூடும். குரல் கொடுத்தவர் ஜெரால்ட் ஃப்ளட். ராஜா ஜானாக நடித்தவரும் அவர்தான். தயாரிப்பாளர் ஜான் நேதன்-டர்னருக்கு இயந்திரத்தைப் பார்த்ததும் பிடித்துப்போனது. டாக்டரோடு கூடவே பயணம் செய்யும் பாத்திரமாகச் சேர்த்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் கஷ்டம். காமிலியனுக்கு நடக்க வராது. குரல் முன்பே பதிவானது என்பதால், எதிரில் இருக்கும் நடிகர் தன் வசனத்தை அந்த இயந்திரத்தின் நேரத்துக்குள் அடக்கிப் பேச வேண்டும். ஒரு விநாடி தப்பினாலும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவது போல ஆகிவிடும். இதற்கு நடுவில், அதற்கு மென்பொருள் எழுதிய மைக் பவர் ஒரு படகு விபத்தில் இறந்துபோனார். இயந்திரம் இருக்கிறது, அதன் உள்ளம் தெரிந்த ஆள் இல்லை. என் கடைக்கும் சர்க்யூட் டயகிராம் இல்லாத வெளிநாட்டு செட்டுகள் வரும். எந்த ஒயர் எதற்குப் போகிறது என்று தெரியாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் தவிப்பு எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அங்கே ஸ்டூடியோ விளக்கு எரிகிறது, நடிகர்கள் காத்திருக்கிறார்கள், கடிகாரம் ஓடுகிறது.

அதனால் காமிலியனைக் கதையிலிருந்தே மறைத்துவிட்டார்கள். டாக்டரின் விண்கலத்தில் ஏறிய பிறகு கிட்டத்தட்ட ஒரு வருஷம் அதைப் பற்றிப் பேச்சு மூச்சு இல்லை. ‘தி அவேக்கனிங்’ கதைக்காக ஒரு சின்னக் காட்சி எடுத்தார்கள். நேரம் போதவில்லை என்று அதையும் வெட்டிவிட்டார்கள். 1984-இல் ‘பிளானட் ஆஃப் ஃபயர்’ கதையில் திரும்பக் கொண்டுவந்தது அதை முடித்துவைக்கத்தான். கானரித் தீவுகளில் லான்சரோட்டே எரிமலை நிலத்தில் எடுத்த கதை. அதில் பெரும்பாலான நேரம் அந்த இயந்திரம் வராது. வெள்ளிச் சாயம் பூசிய ஒரு நடிகர் அதன் இடத்தில் நிற்பார். கடைசியில் வில்லனின் பிடியிலிருந்து விடுபட முடியாமல், தன்னை அழித்துவிடும்படி காமிலியனே டாக்டரிடம் கெஞ்சும். டாக்டரும் அப்படியே செய்வார்.

கதையில் யார் சொன்னாலும் ஆடுகிற ஜீவன். ஸ்டூடியோவில் யார் சொன்னாலும் அசையாத இயந்திரம். இரண்டு பக்கமும் அதற்கு நிம்மதி இல்லை. பாவப்பட்ட ரோபோ என்று நான் எழுதியது இதற்காகத்தான்.

*

பி.பி.சி.யிடம் நல்ல எஞ்சினியர்கள் இல்லாமலா போனார்கள்? உண்மையான ரோபோவை ஓடவைக்க ஏன் முடியவில்லை?
— பொறியியல் மாணவர், வள்ளியூர்

எஞ்சினியர்கள் இருந்தார்கள் தம்பி, காலம்தான் இல்லை. இரண்டு காலில் விழாமல் நடக்கும் ரோபோ என்று ஹோண்டா நிறுவனம் ‘பி-2’வை உலகத்துக்குக் காட்டியதே 1996-இல். அசிமோ வந்தது 2000-இல். எத்தனையோ வருஷ ஆராய்ச்சியும் பணமும் அதன் பின்னால் இருந்தன. 1983-இல் வாரத் தொடருக்கு ஒதுக்கிய காசில் அதை எதிர்பார்க்கவே முடியாது.

வேறு ஒரு சிக்கலும் உண்டு. எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் உங்களுக்குப் பிடிக்கும். ‘டாக்டர் ஹூ’வில் டாம் பேக்கர் டாக்டராக வந்த முதல் கதையின் பெயரே ‘ரோபோட்’. 1974 டிசம்பர் 28 அன்று தொடங்கியது. அதில் கே-1 என்று ஒரு பெரிய உலோக ரோபோ, உள்ளே மைக்கேல் கில்காரிஃப் என்ற உயரமான நடிகர். கதையின் கடைசியில் அது பூதாகாரமாக வளர வேண்டும். ஒரே வண்ணத் திரைக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடித்து, அந்த வண்ணம் இருக்கும் இடத்திலெல்லாம் வேறு காட்சியை நுழைத்துவிடுவார்கள். இன்றைக்குப் பச்சைத் திரை என்கிறோமே, அதன் மூதாதை. ரோபோவோ பளபளப்பான உலோகம். திரையின் வண்ணம் அதன் மேல் பிரதிபலித்தது. கருவிக்கு எது திரை, எது ரோபோ என்று தெரியவில்லை. உடம்பில் அங்கங்கே ஓட்டை விழுந்தது போல ரோபோ மறைந்து மறைந்து தெரிந்தது. அழகாக இருக்கட்டும் என்று பளபளப்பாகச் செய்ததே வினையாகப் போயிற்று.

அந்த ரோபோவின் மனசும் உடைந்துதான் இருந்தது. மனிதர்களுக்குத் தீங்கு செய்யாதே என்பது அதற்குள் எழுதிய விதி. அந்த விதியை மாற்றிக் கொலைக்கு அனுப்புகிறார்கள். தன்னைப் படைத்தவரையே தன் கையால் கொன்ற பிறகு அதற்குப் பித்துப் பிடிக்கிறது. ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தாலும் அந்தக் காட்சி எனக்குத் தொண்டையை அடைக்கும்.

*

நான் வருஷா வருஷம் குலசை தசராவுக்குக் காளி வேஷம் கட்டுகிறவன் அண்ணாச்சி. கிரீடமும் சடைமுடியும் கைகளும் சேர்ந்தால் என்ன கனம் என்று கட்டினவனுக்குத்தான் தெரியும். அந்த ரோபோ உடைக்குள் இருந்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?
— வாசகர், உடன்குடி

வந்த கடிதங்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி உங்களுடையது. ரோபோ என்றால் எல்லோரும் ஒயரையும் மோட்டாரையும் கேட்கிறார்கள். உள்ளே நின்றவரை நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள்.

அமெரிக்காவில் 1965 முதல் 1968 வரை ‘லாஸ்ட் இன் ஸ்பேஸ்’ என்று ஒரு தொடர் வந்தது. விண்வெளியில் வழி தவறிய ஒரு குடும்பம், கூட ஒரு ரோபோ. வடிவமைத்தவர் ராபர்ட் கினோஷிடா. 1956-இல் ‘ஃபர்பிடன் பிளானட்’ படத்தில் வந்த ராபி என்ற ரோபோவை உருவாக்கியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. தொடரின் ரோபோவுக்குள் இருந்தவர் பாப் மே. நாம் கேட்கும் குரல் டிக் டுஃபெல்டுடையது. அது பிறகு சேர்த்தது. ஆனால் படப்பிடிப்பில் பாப் மே எல்லா வசனத்தையும் உள்ளேயிருந்து தானே பேசுவார். அப்போதுதான் எதிரில் இருக்கும் நடிகருக்குப் பேச வரும். பேசும்போதே கையில் இருக்கும் ஒரு சுவிட்சை, ஒவ்வொரு அசைக்கும் ஏற்றபடி அழுத்துவார். ரோபோவின் நெஞ்சில் விளக்கு மின்னுவது அதனால்தான். எழுதி வைத்த நிரல் எதுவும் இல்லை, ஒரு மனிதரின் விரல்தான். ஒளிபரப்பில் அவர் குரலும் கேட்காது, முகமும் தெரியாது. நெருங்கி எடுக்கும் காட்சிகளுக்குக் கால் பகுதி இல்லாத ஒரு உடை உண்டு. அதில் அவர் தன் காலாலேயே நடப்பார், கேமரா இடுப்புக்கு மேலே பார்த்துக்கொள்ளும். முழு உருவமும் தெரிய வேண்டுமென்றால் கம்பி கட்டி இழுப்பார்கள்.

அந்த ரோபோ முதலில் எடுத்த மாதிரி எபிசோடில் கிடையவே கிடையாது. டாக்டர் ஸ்மித் என்ற வில்லனும் கிடையாது. பிறகுதான் இரண்டு பேரையும் சேர்த்தார்கள். வில்லன் அந்த ரோபோவுக்குக் குடும்பத்தை அழிக்கக் கட்டளை ஏற்றிவைக்கிறான். அதிலிருந்துதான் கதை நகர்கிறது. போகப் போக அதே ரோபோ அந்த வீட்டுப் பையனுக்கு உயிர்த் தோழன் ஆகிவிடுகிறது. ஸ்மித்தாக நடித்த ஜோனதன் ஹாரிஸ் ரோபோவை வாய்க்கு வந்தபடி விதவிதமாகத் திட்டுவார். அந்த வசவுகளில் பலவற்றை அவரே எழுதிக்கொண்டு வருவார்.

‘ரெட் ட்வார்ஃப்’ என்று இங்கிலாந்தில் இன்னொரு தொடர். அதில் கிரைட்டன் என்ற வேலைக்கார ரோபோ. 1988-இல் முதலில் வந்தபோது, விபத்தில் சிக்கிய கப்பலில் மூன்று பெண்களுக்குச் சமைத்துப் போட்டுப் பணிவிடை செய்துகொண்டிருக்கும். அவர்கள் எலும்புக்கூடாகி எத்தனையோ காலமாகியிருக்கும், இதற்குப் புரியாது. முதலில் நடித்த டேவிட் ராஸ் திரும்ப வர முடியாமல் போனதால் 1989-இலிருந்து ராபர்ட் லெவலின். ரப்பர் முகத்தை ஒட்டவே பல மணி நேரம் ஆகும். மற்றவர்கள் எழுந்திருக்கும் முன்பே அவர் மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். வேஷம் கட்டும் அன்றைக்கு நீங்களும் அப்படித்தானே?

*

டாலெக் ரோபோ இல்லையே! ஏன் எல்லோரும் ரோபோ என்கிறார்கள்?
— பள்ளி மாணவி, களக்காடு

சரியாகச் சொன்னாய் தாயி. ‘டாக்டர் ஹூ’வில் வரும் எதிரிகள்தான் டாலெக்குகள். வெளியே தெரியும் உலோகக் கூடு ஒரு வாகனம் மாதிரி. உள்ளே உயிருள்ள ஜந்து இருக்கும் என்பதுதான் கதை. படப்பிடிப்பில் உள்ளே ஒரு ஆள் குட்டி இருக்கையில் உட்கார்ந்து காலால் உந்தி உருட்டுவார். குரல் வேறொருவர் மைக்கில் கொடுப்பார். சமதளத் தரையில்தான் ஓடும்.

முதல் டாலெக் எபிசோடு 1963 டிசம்பர் 21 அன்று ஒளிபரப்பானது. அதை இரண்டு தடவை எடுத்தார்கள் என்பது தெரியுமா? முதல் பதிவில், கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஹெட்போன் வழியாகக் கொடுத்த உத்தரவுகளும் ஒலியோடு சேர்ந்து பதிவாகிவிட்டன. வேறொரு கிரகத்துக் காட்டில் யாரோ கேமராக்காரருக்கு யோசனை சொல்வது கேட்டால் எப்படி இருக்கும்? முழு எபிசோடையும் டிசம்பர் தொடக்கத்தில் மறுபடி நடித்துப் பதிவு செய்தார்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள். டாலெக்கை வடிவமைத்தவர் ரேமண்ட் கஸிக், பி.பி.சி.யில் மாதச் சம்பளக்காரர். கதை எழுதிய டெரி நேஷனுக்கு உரிமைத்தொகை வந்தது. கடை கடையாக டாலெக் பொம்மை விற்றபோதும் உருவம் கொடுத்தவருக்கு அதில் பங்கு இல்லை. ஏதோ ஒரு சின்னத் தொகை கொடுத்ததோடு சரி. எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

*

சுஜாதாவின் ஜீனோவுக்கும் டாக்டர் ஹூவில் வரும் ரோபோ நாய்க்கும் சம்பந்தம் உண்டா?
— வாசகர், ஆழ்வார்குறிச்சி

‘என் இனிய இயந்திரா’ எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, அதில் வரும் ரோபோ நாய் ஜீனோவுக்காக விகடனைப் பிடுங்கிப் படித்தவர்களில் நானும் ஒருவன். வெளிநாட்டு நாய் அதற்கு முந்தியது, பெயர் கே-9. 1977 அக்டோபரில் தொடங்கிய ‘தி இன்விசிபிள் எனிமி’ கதையில் வந்தது. சம்பந்தத்தைத் தேடுவதைவிட வித்தியாசத்தைப் பாருங்கள். ஜீனோ காகிதத்தில் பிறந்தது. அதற்கு மேடு பள்ளம் கிடையாது, பேட்டரி தீராது. கே-9 நிஜத் தரையில் ஓட வேண்டும்.

ஓடியதா என்றால், பாதி நாள் இல்லை. ரேடியோ ரிமோட்டில் இயங்கும் பொம்மை அது. ரிமோட்டின் அலைவரிசையும் ஸ்டூடியோ கேமராக்களும் ஒன்றையொன்று குழப்பின. நாய் அசைந்தால் படம் கெடும், கேமரா ஓடினால் நாய் கெடும். மோட்டார் சத்தம் வசனத்தை அமுக்கும். வெளிப்புறப் படப்பிடிப்பில் பலகை பரப்பி அதன் மேல் ஓட்டுவார்கள், சில இடத்தில் கயிறு கட்டி இழுப்பார்கள்.

அப்படியும் பிள்ளைகள் அதன் மேல் உயிரையே வைத்தார்கள். காரணம் ஜான் லீசன் என்று நினைக்கிறேன். குரல் மட்டும் கொடுத்தால் போதும் அவருக்கு. ஆனால் ஒத்திகையில் பொம்மை இருக்காது என்பதால், அவரே நாலு காலில் தவழ்ந்து நாயாக நடிப்பார். டாம் பேக்கரும் மற்றவர்களும் அவர் கண்ணைப் பார்த்துப் பேசிப் பழகினார்கள். பிறகு பொம்மை வந்தபோது அந்த உறவு அதன் மேல் ஏறிக்கொண்டது. நடுவில் ஒரு வருஷம் டேவிட் பிரியர்லி குரல் கொடுத்தார். அதற்கு வழி செய்ய, நாய்க்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்று கதையிலேயே சொல்லிவிட்டார்கள்! 1980-இல் பிரைட்டன் கடற்கரையில் கடலுக்குள் ஓடிப் புகைந்து போகும். 1981 ஜனவரியில் தொடரிலிருந்தே அனுப்பிவிட்டார்கள். அதே வருஷம் டிசம்பர் 28 அன்று அதற்கென்று தனி நிகழ்ச்சி வந்தது. அன்றைக்குப் பார்த்து வடமேற்கு இங்கிலாந்துக்கு ஒளிபரப்பும் கோபுரம் ஒன்று செயலிழந்து, அந்தப் பக்கத்து ஜனங்கள் பார்க்க முடியாமல் போயிற்று. 2006-இல் கே-9 திரும்பி வந்தபோது குரல் மறுபடியும் லீசனுடையதே.

*

ரோபோவுக்கு மனசு வந்தால் என்ன ஆகும் என்று அந்தக் காலத்திலேயே யாராவது யோசித்தார்களா?
— ஆசிரியை, கடையநல்லூர்

யோசித்தார்கள் டீச்சர். ராட் செர்லிங் என்ற மனிதர் 1959-இல் தொடங்கிய ‘தி ட்விலைட் ஜோன்’ தொடரில் இரண்டு கதைகளை எடுத்துச் சொல்கிறேன். இரண்டிலும் கதைக்கு வெளியேயும் சோதனை நடந்திருக்கிறது.

ஒன்று ‘தி மைட்டி கேஸி’. தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு பேஸ்பால் அணி. அதற்குப் பந்து எறிய ஒரு வாலிபன் கிடைக்கிறான். அவன் எறிந்தால் யாராலும் அடிக்க முடியாது. அவன் ரோபோ என்று பிறகு தெரிகிறது. மனிதர்கள்தான் ஆடலாம் என்பது விதி. இதயம் இல்லாதவன் மனிதன் இல்லை என்கிறார்கள். சரி, ஒரு இதயத்தை வைத்துவிடுவோம் என்று செய்தவர் வைத்துவிடுகிறார். இதயம் வந்த பிறகு கேஸியால் யாரையும் ஆட்டமிழக்கச் செய்ய முடியவில்லை. எதிரில் மட்டையோடு நிற்பவனின் எதிர்காலத்தைக் கெடுக்க மனம் வரவில்லை அவனுக்கு! எல்லாப் பந்தையும் அடிக்கிற மாதிரி போட்டுக்கொடுக்கிறான். சிரிப்புக் கதைதான், ஆனால் வகுப்பில் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் அரைமணி நேரம் விவாதிப்பார்கள்.

அணியின் மேனேஜராக முதலில் நடித்தவர் பால் டக்ளஸ். படப்பிடிப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது, முகம் களைத்திருந்தது. முடித்த கொஞ்ச நாளிலேயே, 1959 செப்டம்பர் 11 அன்று மாரடைப்பில் இறந்துபோனார். எடுத்ததைப் போட்டுப் பார்த்தால், சாகப்போகிற ஒரு மனிதர் சிரிக்க வைக்கப் பாடுபடுவது அப்பட்டமாகத் தெரிந்தது. அதை ஒளிபரப்ப செர்லிங்குக்கு மனம் ஒப்பவில்லை. மறுபடி எடுக்க, தொடரை ஒளிபரப்பிய சி.பி.எஸ். நிறுவனம் பணம் தர மறுத்தது. செர்லிங் தன் சொந்தத் தயாரிப்புக் கம்பெனியின் பணத்தைப் போட்டு, ஜாக் வார்டனை அதே வேஷத்தில் நடிக்கவைத்துப் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தார். 1960 ஜூனில்தான் அது வெளியானது. இதயம் வந்ததால் காரியம் கெட்டுப்போன ரோபோவின் கதையை எழுதியவர், இறந்த நடிகருக்காகத் தன் கைப்பணத்தைச் செலவழித்தார். வாரா வாரம் கதை தயார் செய்து கொடுக்க வேண்டிய நெருக்கடியில் அதைச் செய்ததற்கு அவரை நான் கும்பிடுகிறேன்.

அந்த ஜாக் வார்டனே அதற்கு முன் ‘தி லோன்லி’ என்ற கதையிலும் நடித்திருக்கிறார். ஆளில்லாத சிறுகோளில் தனியாக அடைக்கப்பட்ட கைதி. இரக்கப்பட்ட கப்பல் தலைவர் அவனுக்குத் துணையாக ஒரு பெண் ரோபோவைக் கொண்டுவந்து கொடுக்கிறார். அலிசியா என்று பெயர், நடித்தவர் ஜீன் மார்ஷ். முதலில் வெறுக்கிறான், பிறகு அவள் இல்லாமல் இருக்க முடியாத நிலைக்கு வருகிறான். விடுதலை வருகிறது. கப்பலில் அவன் கொண்டுபோகலாம் என்று அனுமதித்த எடை வெறும் 15 பவுண்டு. அவளை விட்டு வரமாட்டேன் என்கிறான். தலைவர் துப்பாக்கியை எடுத்து அவள் முகத்தில் சுடுகிறார். உள்ளே ஒயர்கள். அந்த ஒயர்களைப் பார்த்தும் எனக்கு அவள் இயந்திரமாகத் தோன்றவில்லை.

இதை எடுத்த இடம் கலிஃபோர்னியாவின் டெத் வேலி, கோடையில். வெயிலில் குழுவினர் சுருண்டு விழுந்தார்கள். ஒளிப்பதிவாளர் ஜார்ஜ் கிளெமென்ஸே மயங்கிச் சரிந்தார். படத்தில் வார்டனின் முகத்தில் வழியும் வேர்வை நடிப்பில்லை. தனிமையின் கொடுமை திரையில் அப்படித் தெரிவதற்கு அந்த வெயிலும் காரணம் என்று நினைக்கிறேன்.

*

எப்போதும் சோகமாகவே இருக்கும் ரோபோ ஒன்று உண்டாமே?
— வாசகர், மேலப்பாளையம்

மார்வின். டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு த கேலக்ஸி’யில் வரும். 1978-இல் ரேடியோவில் தொடங்கியது, 1981 ஜனவரியில் டி.வி.க்கு வந்தது. ரேடியோவில் குரல் கொடுத்த ஸ்டீஃபன் மூர்தான் டி.வி.யிலும். உடைக்குள் இருந்தவர் டேவிட் லேர்னர். ஒரு கிரகம் அளவுக்கு மூளை. அதைக் கதவு திறக்கவும் ஆளைக் கூட்டி வரவும் பயன்படுத்துகிறார்கள். இடப்பக்கத்து டையோடெல்லாம் வலிக்கிறது என்று புலம்பும். வருஷக்கணக்கில் டையோடு மாற்றியவன் நான். எனக்கு அந்தப் புலம்பல் சிரிப்பாக வரவில்லை. தகுதிக்கு வேலை கிடைக்காத எத்தனை பிள்ளைகளை நம் ஊரில் பார்க்கிறோம்!

படப்பிடிப்பில் பெரிய தொல்லை தந்தது அதே தொடரில் வரும் இரட்டைத் தலை மனிதரின் இரண்டாவது தலை. ரிமோட்டில் இயங்க வேண்டியது. அடிக்கடி கெட்டுப்போய் நடிகர் மார்க் விங்-டேவியின் தோளில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

*

சின்ன வயதில் தூர்தர்ஷனில் ‘ஜெயண்ட் ரோபோட்’ பார்த்து, கடைசி எபிசோடில் அழுதது இப்போதும் நினைவிருக்கிறது. நீங்கள் பார்த்தீர்களா?
— வங்கி ஊழியர், வண்ணார்பேட்டை

கடைக்கு ரிப்பேருக்கு வந்த செட்டுகளைச் சோதிக்கிற சாக்கில் எல்லாம் பார்த்திருக்கிறேன். ஜப்பானில் தோயேய் நிறுவனம் 1967-68-இல் எடுத்த 26 எபிசோடுகள். நமக்கு எண்பதுகளில் வந்து சேர்ந்தது. உடன்குடி, திருச்செந்தூர்ப் பக்கமெல்லாம் உயரமான பைப்பில் ஆண்டெனா கட்டி இலங்கை ரூபவாகினியைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் போய், தூர்தர்ஷன் தெளிவாகக் கிடைக்க ஆரம்பித்த சமயம்.

ஒரு பையன் கைக்கடிகாரத்தில் பேசுவான், மலை போன்ற ரோபோ பறந்து வரும். அவன் குரலுக்கு மட்டும்தான் கட்டுப்படும். இருபத்தைந்து எபிசோடு அவன் சொன்னதைத் தட்டாத ரோபோ, கடைசியில் அவன் “வேண்டாம், திரும்பி வா” என்று கத்தக் கத்த, எதிரியைச் சுமந்துகொண்டு வானத்தில் ஏறி விண்கல்லில் மோதி அழிந்துபோகும். முதல் தடவையாக அது சொந்தமாக எடுத்த முடிவு. அதன் முகம் அசையாது, கண் கலங்காது, வெறும் வார்ப்பு முகம். அந்தப் பையனின் குரல்தான் நம்மை அழவைத்தது. காமிலியனுக்குக் கிடைக்காமல் போனது இதுதான்: உண்மையாகவே அதை நம்பிக் கூப்பிடும் ஒரு ஆள்.

*

இந்தப் பழைய தொடர்களை எல்லாம் முழுதாகப் பார்க்க முடியுமா?
— வாசகி, பேட்டை

‘ட்விலைட் ஜோன்’ பெரும்பாலும் ஃபிலிமில் எடுத்தது, முழுதாக இருக்கிறது. டாக்டர் ஹூதான் வயிற்றெரிச்சல். வீடியோ டேப் விலை அதிகம். அழித்துவிட்டு அதன் மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்வார்கள். அறுபதுகளின் எபிசோடுகள் பல அப்படிப் போயின. வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்ற ஃபிலிம் பிரதிகள்தான் நம்பிக்கை. நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து ஒளிபரப்பு நிலையம் ஒன்றில் கிடைத்த எபிசோடுகளை 2013-இல் வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்பது, யாரிடமும் இல்லை என்று கைவிட்டவை. அதில் ‘தி வெப் ஆஃப் ஃபியர்’ என்ற 1968 கதையும் உண்டு. லண்டன் சுரங்க ரயில் பாதையில் ரோபோ பனிமனிதர்கள் திரியும் கதை. அதிலும் மூன்றாவது எபிசோடு மட்டும் கிடைக்கவில்லை. அந்தப் பனிமனிதர்களின் உறுமலை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? கழிவறையில் தண்ணீர் திறந்துவிடும் சத்தத்தை வேகம் குறைத்து ஓட்டினார்கள்.

உங்கள் கேள்வியை ஒட்டி எல்லா வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். எண்பது, தொண்ணூறுகளில் தூர்தர்ஷனையும் ரூபவாகினியையும் வீட்டு வி.சி.ஆரில் பதிவு செய்தவர்கள் நம் பக்கம் நிறைய உண்டு. பரணில் அந்த கேசட்டுகள் கிடந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஆர்வத்தில் உடனே மெஷினில் போடவும் வேண்டாம். கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியே டேப் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகத் தூளோ புள்ளியோ தெரிந்தால் பூஞ்சை. அதை ஓட்டினால் மெஷினின் ஹெட்டிலும் ஒட்டும், அடுத்து போடுகிற நல்ல கேசட்டுக்கும் பரவும், டேப்பும் அறுந்துபோகலாம். சுத்தமாக இருந்தால் ஒரு தடவை கடைசி வரை வேகமாக ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு, அப்புறம் போட்டுப் பாருங்கள். கேசட்டைப் படுக்கவைக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம். உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். பூஞ்சை பிடித்ததாக இருந்தாலும் பரவாயில்லை, சுத்தம் செய்யத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.